கேசி மார்ட்டின்: வழக்குக்குப் பிறகான வேலை

கேசி மார்ட்டின் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அது அநேகமாக அந்த வழக்கு மூலமாகத்தான் இருக்கும். நீண்ட தூரம் நடக்க முடியாத கோல்ஃப் வீரர், ஆட்டத்தின்போது கோல்ஃப் வண்டியில் போக அனுமதி கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அவ்வப்போது யாராவது இதைத் தன்னம்பிக்கைப் பதிவாகப் போடுகிறார்கள், கீழே கைகூப்பும் குறிகள் வரிசை கட்டுகின்றன. பதிவு 2001-ல் தீர்ப்போடு முடிந்துவிடும். அப்போது அவருக்கு வயது 28. அதற்கப்புறம் அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒருவரும் எழுதுவதில்லை.

2006-ல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கோல்ஃப் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை அங்கேதான் இருக்கிறது. ஆட்டக்காரராக நினைத்த அளவு வரவில்லை, அதனால் கோச் ஆகிவிட்டார் என்று ஆறுதல் பரிசு மாதிரி பேசுகிறவர்கள் கல்லூரி கோல்ஃபில் கோச் என்றால் என்ன வேலை என்று கொஞ்சமாவது பார்த்துவிட்டுப் பேசலாம்.

முதலில் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மிச்சம் புரியாது. மார்ட்டின் 1972-ல் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் பிறந்தவர். பிறவியிலேயே வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு. காலுக்குப் போகும் ரத்தம் ஒழுங்காக இதயத்துக்குத் திரும்பாது. கால் மெலிந்து, எலும்பும் பலவீனமாகிவிட்டது. நடந்தால் ரத்தக்கசிவோ ரத்தக்கட்டோ வரலாம், எலும்பு மோசமாக முறிந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று நீதிமன்ற ஆவணத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூருக்குள் நுழையும் தகுதிச் சுற்றில் முதல் இரண்டு கட்டங்களில் வண்டி உண்டு, மூன்றாவது கட்டத்தில் எல்லோரும் நடந்தே ஆக வேண்டும். 1997-ல் தகராறு அங்கேதான் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து அவர் பிஜிஏ டூர் மேல் வழக்குப் போட்டார்.

எதிர்த் தரப்புக்குச் சாட்சி சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அர்னால்டு பாமர், ஜாக் நிக்லஸ், கென் வென்டூரி என்று கோல்ஃபின் ஜாம்பவான்கள். நடப்பதால் வரும் களைப்பும் ஆட்டத்தின் ஒரு பகுதி, ஒருவருக்கு மட்டும் அதை விலக்கினால் போட்டி சமமாக இருக்காது என்பது வாதம். இதை நான் அற்ப வாதம் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் விசாரணை நீதிமன்றம் கணக்குப் போட்டுப் பார்த்தது. 18 குழிகளையும் நடந்து முடிக்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், செலவாகும் சக்தி சுமார் 500 கலோரி. ஒரு பிக் மேக் பர்கரில் இருப்பதைவிடக் குறைவு என்று சாட்சியம் சொன்ன பேராசிரியரே குறிப்பிட்டார். அதோடு, வண்டியில் போனாலும் மார்ட்டின் ஒரு மைலுக்கு மேல் நடக்கத்தான் வேண்டும். பந்து கிடக்கும் இடத்துக்கெல்லாம் வண்டி போகாது. அப்படி நடக்கும்போது அவர் படும் களைப்பு, நல்ல கால்களோடு முழுத் தூரமும் நடப்பவர்களின் களைப்பைவிட அதிகம் என்று நீதிபதி முடிவு செய்தார். 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவர் பக்கம் தீர்ப்பு எழுதியது.

மறுத்த இரு நீதிபதிகளில் ஸ்காலியாவின் உரையைத் தேடிப் படியுங்கள், கிண்டல் தூக்கலாக இருக்கும். விளையாட்டு விதி எல்லாமே மனிதர் இஷ்டத்துக்கு வைத்ததுதான், அதில் எது ஆட்டத்தின் சாரம், எது சாரமில்லை என்று நீதிமன்றம் எப்படிச் சொல்லும் என்று கேட்கிறார். கபடியில் ஏன் பாடிக்கொண்டே போக வேண்டும் என்று கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பதில் ஏற்கெனவே வேறோர் இடத்தில் கிடைத்திருந்தது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மார்ட்டின் ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். 1994-ல் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். அதே வருடக் கடைசியில் டைகர் வுட்ஸ் முதலாம் ஆண்டு மாணவராக அந்த அணியில் வந்து சேர்ந்தார். விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி நாட்களின் பிற்பகுதியில் மார்ட்டினின் கால் மோசமாகி 18 குழிகளை நடக்க முடியாமல் போனது. நடக்க வேண்டும், மட்டைப் பையையும் தானே சுமக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. ஸ்டான்ஃபோர்டு விலக்குக் கேட்டது. அந்தக் கல்லூரி ஆடும் வட்டார லீக்கான மாநாடும் (கான்ஃபரன்ஸ்), அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவும் கொடுத்துவிட்டன. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. அதனால் ஆட்டம் கெட்டுப்போய்விடவும் இல்லை.

பிஜிஏ டூரில் அவர் முழுதாக ஆடியது 2000 சீசன் ஒன்றுதான். அதற்கு முன்னால் 1998-ல், இடைக்கால உத்தரவோடு வண்டியில் போய், அடுத்த நிலைத் தொடரான நைக் டூரில் ஒரு போட்டியை வென்றார். அதே வருடம் ஒலிம்பிக் கிளப்பில் நடந்த, கோல்ஃபின் பெரும் போட்டிகளில் ஒன்றான யுஎஸ் ஓபனில் 23-ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். டூரில் ஆடும் உரிமையான டூர் அட்டை ஒரு வருடத்தில் கையைவிட்டுப் போனது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள், உலகத்தில் எத்தனை பேருக்கு அந்த அட்டை ஒரு வருடமாவது கிடைக்கிறது என்று யோசிப்பதில்லை.

சரி, கோச் வேலை. கல்லூரி கோல்ஃபில் ஒரு போட்டிக்கு ஐந்து பேர் போவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நான்கு ஸ்கோர்கள்தான் கணக்கு. அதாவது ஐந்தாமவன் சொதப்பினால் பரவாயில்லை, இரண்டு பேர் சொதப்பினால் தொலைந்தது. கோச்சுக்கு முதல் தலைவலி அந்த ஐந்து பேர் யார் என்பது. ஒன்பது பத்துப் பையன்கள் இருப்பார்கள், எல்லோரும் அவரவர் ஊரில் சாம்பியன்கள். அணிக்குள்ளேயே தேர்வுச் சுற்று வைப்பார்கள். தேர்வுச் சுற்றில் நன்றாக ஆடுகிறவன் போட்டியில் நடுங்குவான், தேர்வில் ஏனோதானோ என்று ஆடுகிறவன் பெரிய மேடையில் கலக்குவான். இரண்டாமவனை எடுத்தால் முதலாமவனின் அப்பா ஃபோன் செய்வார்.

பணக் கணக்கு இன்னும் வேடிக்கை. சமீப காலம் வரை ஓர் ஆண்கள் அணிக்கு மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப்தான். அதைப் பிய்த்துப் பிய்த்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்துக்காரனுக்கு முழுச் செலவும் கிடைக்கும் அதே வளாகத்தில், கோல்ஃப் பையனுக்குக் கால்வாசி, அரைவாசி என்று பேரம் நடக்கும். இதிலும் யூஜீன் என்ற ஊரின் சிக்கல் தனி. அது தடகளத்தின் ஊர், நைக் நிறுவனத்தின் பில் நைட் படித்த ஊர், குளிர்காலம் முழுக்க மழை பெய்யும் ஊர். அரிசோனாவிலும் டெக்சாஸிலும் வெயில் காயும் மைதானத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறவர்களோடு போட்டி போட்டு, ‘இங்கே வா, மழைக்கோட்டு தருகிறோம்’ என்று ஒரு பதினேழு வயதுக்காரனைக் கூப்பிட வேண்டும். ஆள் சேர்ப்பில் பாதி வாழ்க்கை போய்விடும். இப்போதைய விதிப்படி பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை பையனோடு நேரடியாகப் பேசக்கூடாது. அதுவரை ஜூனியர் போட்டிகளுக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்க்கலாம். பையன் கோபம் வந்தால் மட்டையை என்ன செய்கிறான், ஒரு குழி கெட்டால் அடுத்த குழியில் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் ஸ்கோர் அட்டையில் வராது. கூடவே போனால்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் 2013 சம்பவம் வருகிறது. அதைப் பதிவு போடுகிறவர்கள் யாரும் தொடுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். யுஎஸ் ஜூனியர் அமெச்சூர் தகுதிப் போட்டி ஒன்றில், சேர்க்க நினைத்த ஒரு பையனின் ஆட்டத்தைப் பார்க்க மார்ட்டின் கலிஃபோர்னியா போயிருந்தார். வண்டியில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் போட்டி அலுவலர்கள் நிறுத்தினார்கள். பார்வையாளர்களுக்கு வண்டி கிடையாது என்பது விதியாம். அவர் யார், அவருடைய கால் எப்படி, உச்ச நீதிமன்றத்தில் யார் பெயரில் தீர்ப்பு இருக்கிறது என்பதெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. செய்தி வெளியான பிறகு போட்டியை நடத்தும் அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ மன்னிப்புக் கேட்டது.

தீர்ப்பு வாங்கி 12 வருடம் ஆன பிறகு, தீர்ப்பு வாங்கியவருக்கே இது. இதில் எனக்கு அந்த அலுவலர்கள் மேல்கூடப் பெரிய கோபமில்லை, அவர்கள் கையிலிருந்த தாளைப் படித்தார்கள். கோபம் அந்தத் தாளை எழுதிய பழக்கத்தின் மேல்தான். ஆடுகிறவனுக்கு விலக்கு என்று தீர்ப்பு சொன்னதால் ஆடுகிறவனுக்கு மட்டும் இடம் ஒதுக்குவது, பார்க்க வருகிறவன், வேலை செய்ய வருகிறவன் எல்லாம் அப்புறம். பிழைப்புக்காக அந்த மைதானத்தைச் சுற்றியே ஆக வேண்டிய ஒரு கோச்சுக்கு 2001-ல் கிடைத்தது பாதிதான். மீதியை அவர் ஒவ்வொரு மைதானத்திலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

மூன்று வருடம் கழித்து, 2016. கல்லூரிகளின் தேசிய இறுதிப் போட்டிகள் யூஜீன் கன்ட்ரி கிளப்பில் நடந்தன. மார்ட்டின் சிறுவனாக ஆடி வளர்ந்த மைதானம் அது. நான்கு சுற்று ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளின் கணக்கு), அதில் முதல் எட்டு அணிகளுக்கு மேட்ச் பிளே நாக்அவுட் (ஆளுக்கு ஆள் நேருக்கு நேர் ஐந்து ஆட்டங்கள், வென்ற ஆட்டத்துக்கு ஒரு புள்ளி). தனிநபர் பட்டம் ஓரிகனின் ஏரன் வைஸுக்கு. அணிகளின் இறுதியில் எதிரே டெக்சாஸ். அவர்களின் முதன்மை ஆட்டக்காரர் போ ஹாஸ்லருக்கு அரையிறுதியில் தோள்பட்டையில் காயம், இறுதியில் ஆட முடியவில்லை. அந்த ஒரு புள்ளி ஆடாமலேயே ஓரிகனுக்கு வந்தது.

அதிர்ஷ்டம் என்று அப்போதே பேசினார்கள். இருக்கட்டும், அதிர்ஷ்டம்தான். ஆனால் அது ஒரு புள்ளிதான், தேவை மூன்று. 2-2 என்று வந்து நின்றபோது மிச்சமிருந்த ஆட்டத்தில் ஓரிகன் சார்பில் ஆடியவர் சுல்மான் ராஸா, யூஜீன் நகரத்துப் பையன். எதிரே டெய்லர் ஃபங்க், பிஜிஏ டூர் வீரர் ஃபிரெட் ஃபங்கின் மகன். (இந்த அப்பா ஃபங்க் டூருக்குப் போவதற்கு முன் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் கோச்சாக இருந்தவர். மார்ட்டின் வந்த பாதையில் எதிர்த் திசையில் போனவர்.) 18 குழிகளிலும் முடிவாகவில்லை. மூன்றாவது கூடுதல் குழியில் ராஸா பர்டி (குழிக்குரிய கணக்கைவிட ஓர் அடி குறைவு) போட்டு முடித்தார். ஓரிகனின் கோல்ஃப் வரலாற்றில் முதல் தேசியப் பட்டம்.

பட்டம் நட்சத்திரத்தின் கையால் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வைஸ் அணியில் இருந்தார், பிறகு 2018-ல் டூரின் சிறந்த புதுமுகமும் ஆனார். ஆனால் கடைசிப் பந்து யார் கையில் வரும் என்று யாருக்கும் தெரியாத அமைப்பில், உள்ளூர்ப் பையன் ஒருவன் அந்த இடத்தில் நடுங்காமல் நிற்பதற்கு வேண்டியதை யாரோ வருடக்கணக்கில் செய்திருக்க வேண்டும். இன்னொன்று, கல்லூரி கோல்ஃபில் ஆட்டத்தின் நடுவே கோச் ஆட்டக்காரனோடு பேசலாம், எந்த மட்டை என்று யோசனை சொல்லலாம். தொழில்முறை ஆட்டத்தில் மட்டைப் பை சுமக்கும் கேடியைத் தவிர யாருக்கும் அந்த உரிமை இல்லை. அதனால் கோச் எங்கே நிற்கிறார், எந்தக் குழிக்கு எப்போது போய்ச் சேருகிறார் என்பது ஸ்கோரில் தெரியும். அந்த வண்டி என்ன வேலை செய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் வழக்கை விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம்.

அடுத்த வருடமும் ஓரிகன் இறுதிக்கு வந்தது, ஓக்லஹோமாவிடம் தோற்றது. அந்த ஓரிகன் அணியில் இருந்தவர் வின்டம் கிளார்க். ஓக்லஹோமா ஸ்டேட்டில் தொடங்கியவர், 2013-ல் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஆட்டம் தடுமாறி, கடைசி வருடத்துக்கு ஓரிகனுக்கு மாறி வந்தார். வந்த வருடமே மாநாட்டின் சிறந்த ஆட்டக்காரர். 2023-ல் யுஎஸ் ஓபன் பட்டம். அதற்கெல்லாம் மார்ட்டின்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, கோச்சுகளின் கணக்கை அப்படி எழுதக்கூடாது. ஆனால் உடைந்து வந்த ஒரு பையன் அந்த ஒரு வருடம் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவரிடம் போய்ச் சேர்ந்தான் என்று சொல்லலாம். நடுவில் 2012-ல் மார்ட்டினே 40 வயதில் தகுதிச் சுற்றில் தேறி மறுபடி அதே ஒலிம்பிக் கிளப்பில் யுஎஸ் ஓபன் ஆடியதையும் சொல்லிவிட வேண்டும். கோச் வேலையில் இருந்துகொண்டே.

இப்போது அந்த வேலையே மாறிக்கொண்டிருக்கிறது. 2025-26 முதல், விளையாட்டு வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கும் பங்கு கொடுக்கும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 4.5 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு இல்லை, பதிலாக அணியில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. பணமுள்ள கல்லூரி ஒன்பது பேருக்கும் முழுச் செலவு கொடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாவது, பதினொன்றாவது ஆளாக ஓரத்தில் இருந்து மெதுவாக வளரும் உள்ளூர்ப் பையன்களுக்கு இனி இடம் எங்கே என்று தெரியவில்லை. வேறு கல்லூரியிலிருந்து மாறுதல் வாங்கி வரும் தயார் ஆட்டக்காரன் கிடைக்கும்போது எந்தக் கோச் காத்திருப்பார்? கிளார்க் மாதிரி ஒருவரைக் கொண்டுவந்ததும் அதே மாறுதல்தான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். இருந்தாலும், இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால், ராஸா மாதிரிப் பையன்களுக்கு இடம் வைத்திருக்கும் பழைய குளறுபடிக்கே என் ஓட்டு.