டேவிட் போவி நடிக்கப் போனது மார்க்கெட் போயா?

இங்கிலாந்துப் பாடகர் போவியைப் பத்தி, "பாட்டு மார்க்கெட் போன பிறகுதான் போவி நடிக்க வந்தார்"னு மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கார். இல்லண்ணே. 1975ல அவர் பாட்டு அமெரிக்காவில முதலிடம். மறு வருஷமே கதாநாயகனா படம் வந்தாச்சு. அதுக்கும் முன்னாடி, 60கள்லயே லிண்ட்சே கெம்ப்ங்கிற மேடைக் கலைஞர்கிட்ட மைம் (பேசாம உடம்பாலயே நடிக்கிற கலை) கத்துக்கிட்டவர்.

1980ல நியூயார்க் பிராட்வே நாடக மேடையில உருக்குலைஞ்ச மனுஷனா நடிச்சப்போ முகத்தில ஒட்டுற மேக்கப் எதுவும் கிடையாது. கோணலா வளைஞ்ச உடம்பு, திக்கித் திணறுற குரல், அவ்வளவுதான். அதைப் பார்த்துதான் ஜப்பான் இயக்குநர் நகிசா ஒஷிமா தன் 'மெர்ரி கிறிஸ்துமஸ், மிஸ்டர் லாரன்ஸ்'ங்கிற போர்க்கைதிப் படத்துக்கு அவரைக் கூப்பிட்டார். இரண்டாம் உலகப் போர்ல ஜாவாவில ஜப்பான்காரங்க நடத்தின கைதி முகாம் கதை. அதே போர்ல ஜப்பான்காரங்க போட்ட சயாம் மரண ரயில் கதை கேட்டு வளர்ந்த நம்ம கோலாலம்பூர் ஆளுங்க கட்டாயம் பார்க்கணும். அது வந்த 1983லதான் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பமும் சக்கைப்போடு போட்டுச்சு.

சொதப்பலும் உண்டு, மறுக்கல. 1978ல வந்த 'ஜஸ்ட் எ ஜிகோலோ' படத்தை அவரே பின்னாடி கிண்டலடிச்சார்.