வெப்பம் கொன்றதை எழுதாத பதிவேடுகள்

காலநிலை மாற்றம் உடல்நலத்துக்கு விளைவிக்கும் கேடுகளைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாகிவிட்டது. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் அதை இயக்கும் கணினி எதைப் படித்துக் கற்றுக்கொள்ளப் போகிறது என்பதைப் பற்றிப் போதிய அளவு பேசாமல் இருக்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

கட்டுமான வேலையில் இருந்த ஒருவர் உச்சிவெயிலில் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக்குக் கொண்டு வருவதற்குள் உயிர் போய்விடுகிறது; சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுகிறார்கள். அது பொய்யல்ல, நின்றது இதயம்தான். ஆனால் அவருடைய உடல் வெப்பநிலை எவ்வளவு இருந்தது, எத்தனை மணிக்கு விழுந்தார், என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பவை பெரும்பாலும் எங்கும் பதிவாவதில்லை. வெயில் காலத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பவர்களின் நிலையும் இதேதான்.

இதனால்தான், வழக்கமாக அந்த நாட்களில் இறப்பவர்களைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்த்து வெப்ப இறப்புகளைக் கணக்கிடுகிறார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்தது இப்படித்தான் தெரியவந்தது. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட முடிந்ததற்கு, அந்த மாநகராட்சியில் நாள்வாரியான இறப்புப் பதிவு இருந்ததே காரணம். 2013இல் அந்நகரம் வெப்ப அலையின்போது மக்களை எச்சரித்துக் காப்பதற்கான, தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. கூடுதல் இறப்புகளின் கணக்கைப் போட உதவியது ஒரு பதிவேடு. செயற்கை நுண்ணறிவு அன்று தேவைப்படவில்லை.

பதிவில் இல்லாதவர்களைக் கணினி நலமாக இருப்பவர்கள் என்றே எடுத்துக்கொள்ளும். அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த ஒரு மென்பொருள், நோயின் கடுமையை மருத்துவச் செலவை வைத்து மதிப்பிட்டதால், குறைவாகச் செலவிடப்பட்ட கறுப்பின நோயாளிகளை உண்மையில் இருந்ததைவிட ஆரோக்கியமானவர்களாகக் காட்டியது என்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு நிறுவியது. ஒரு நாள் கூலி போய்விடும் என்று மருத்துவரிடம் போகாதவர்கள் வாழும் பகுதியை, வெப்ப ஆபத்தைக் கணிக்கும் மென்பொருள் பாதுகாப்பான பகுதி என்று முடிவு கட்டினால் நாம் ஆச்சரியப்பட இடமில்லை.

இந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களும் உண்டு. வானிலை நிலையம் பெரும்பாலும் விமான நிலையம் போன்ற திறந்த வெளியில் இருக்கும். நெருக்கமான தகரக் கூரை வீடுகளுக்குள் இரவிலும் வெப்பம் தணியாமல், உடல் தேறிக்கொள்ள வாய்ப்பில்லாமல் போவதை அது காட்டாது. செயற்கைக்கோள் அளவீடுகளையும் உள்ளூர் உணர்கருவிகளின் தரவுகளையும் இணைத்துத் வெப்பத்தைத் தெருவாரியாக மதிப்பிட, தரவுகளிலிருந்து கணினி தானே கற்கும் இயந்திரக் கற்றல் உதவும். மழைக்கும் வெப்பத்துக்கும் பிறகு டெங்கு பரவச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அந்த இடைவெளியில் எச்சரித்துக் கொசு ஒழிப்புப் பணியாளர்களை அனுப்பிவிடவும் முடியும். ஆனால் இதற்கெல்லாம் சுகாதாரத் துறையும் வானிலைத் துறையும் தரவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நோய்க் கண்காணிப்பில் வானிலைத் தகவலைப் பயன்படுத்தும் சுகாதார அமைச்சகங்கள் உலகில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்று உலக வானிலை அமைப்பு 2023இல் தெரிவித்தது.

ஆகவே, அடுத்த கணிப்பு மென்பொருளுக்கு நிதி ஒதுக்குவதற்கு முன்பு, அவசர சிகிச்சைப் பிரிவின் படிவத்தில் நோயாளி வந்தபோதிருந்த உடல் வெப்பநிலை, தொழில், மயங்கி விழுந்த இடம், நேரம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். அவற்றை ஒவ்வொரு நாளும் நிரப்ப ஓர் ஊழியரையும் சம்பளம் கொடுத்து நியமியுங்கள் என்று சுகாதாரத் துறையில் முடிவெடுப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.