மயிலும் பன்றியும் பெருகினால் காடு நல்லா இருக்குது எண்டு அர்த்தமா?

உலகத்தில் காட்டு விலங்குகள் 73 சதவீதம் குறைந்துவிட்டன என்ற செய்தியை வன்னியில் யாராவது பகிர்ந்தால், கீழே முதலில் விழுவது சிரிப்புத்தான். "குறைஞ்சதெல்லாம் எங்கட வயலுக்கைதான் நிக்குது, வந்து ஏத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ" என்று எழுதினார் ஒட்டுசுட்டான் பக்கம் கச்சான் செய்கிற ஒரு அண்ணை. அவருடைய கோபத்தில் ஒரு பிழையும் இல்லை. விதைத்த கச்சானை மயில் கிளறுகிறது, தென்னையில் குரும்பையைக் குரங்கு பிய்த்தெறிகிறது.

பன்றி இன்னும் மோசம். கதிர் பால்பிடிக்கிற நேரம் பார்த்து இறங்கும். சப்பிச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பிவிட்டுப் போயிருக்கும். விடிய வரம்பில் நின்று பார்த்தால் தின்றதைவிட உழக்கினது கூட.

அந்த 73ஐப் பகிர்கிற கனபேரும் அதைப் பிழையாகத்தான் விளங்கியிருக்கிறார்கள். உலக வனவிலங்கு நிதியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்வது இதுதான்: 1970க்கும் 2020க்கும் இடையில், கண்காணிக்கப்பட்ட முள்ளந்தண்டு விலங்குக் கூட்டங்கள் சராசரியாக 73 சதவீதம் சுருங்கியிருக்கின்றன. நூறு விலங்கில் 73 செத்துப்போனது என்பதல்ல. பெருகிய கூட்டங்களும் அதற்குள் இருக்கின்றன. ஆகத் தாழ்ந்தது நன்னீர் உயிர்கள், 85 சதவீதம். குளத்தை நம்பியிருக்கிற எங்களுக்கு அது தூரத்துச் செய்தி இல்லை.

ஆக, பன்றி பெருகுவதும் மற்றவை அழிவதும் இரண்டு கதையல்ல. எதையும் தின்று, ஊர் ஓரத்திலேயே குட்டி போட்டு வாழத் தெரிந்தது பெருகும். பெரிய காடு வேண்டிய சிறுத்தையும் கரடியும் மரையும் ஒதுங்கும், பிறகு இல்லாமல் போகும்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்து, வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பத்துப்பேர் அளவில் காயப்பட்டார்கள். சனம் அதை அடித்துக் கொன்றது. செத்த உடலோடு எடுத்த படங்கள் நாடெங்கும் ஓடின. "காட்டுமிராண்டிகள்" என்று கொழும்பிலிருந்து எழுதியவர்களோடு நான் அப்பவும் நிற்கவில்லை, கடிபட்டது அவர்கள் இல்லையே. ஆனால் இந்தத் தீவில் புலியும் இல்லை, ஓநாயும் இல்லை. பன்றியையும் குரங்கையும் பிடித்துக் குறைக்க எங்கட காட்டில் சிறுத்தையை விட்டால் பெரிதாக வேறொன்றும் இல்லை. அந்த வேலையை இப்ப நாங்கள் பன்றி வெடியால் செய்யப் பார்க்கிறோம். பூசணிக்குள் வைத்த வெடியைப் பன்றிதான் கடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. யானைக்குட்டி கடித்தால் தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் கிடந்துதான் சாகும்.

ஒரு விலங்கு போனால் மனிதருக்கு என்ன வரும் என்று கேட்கிறவர்கள் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைப் பார்க்கலாம். மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது. 1990களில் தொடங்கி அவை ஏறத்தாழ அழிந்தே போயின. மாட்டுப் பிணங்கள் கிடந்து அழுகின, தெருநாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் ஐந்து இலட்சம் அளவில் மேலதிக மனித மரணங்கள் நிகழ்ந்ததாக இரண்டு பொருளியலாளர்கள் 2024இல் கணக்குக் காட்டினார்கள். அழகான பறவையும் இல்லை, அது போனதற்கு ஆரும் அழுததும் இல்லை.

எங்கட அரசாங்கம் செய்தது என்ன? 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு, தோட்டத்தில் நிற்கிற குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் ஐந்து நிமிடம் எண்ணச் சொன்னது. நானும் எண்ணத்தான் செய்தேன் (மயில் மட்டும் கனக்க). அவை ஏன் காட்டை விட்டுத் தோட்டத்துக்கு வந்தன என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமிருக்கவில்லை. காட்டில் களவாக வெட்டின முதிரை மரத்தை இரவில் ஏற்றிப் போகிற உழவு இயந்திரங்களை எண்ணச் சொல்லியிருந்தால் விடை கொஞ்சம் கிட்ட வந்திருக்கும்.

யானை விசயத்திலும் இதே கண்மூடித்தனம்தான். வெடி போட்டுச் சரணாலயத்துக்குள் துரத்து, சுற்றி வேலி போடு. ஆனால் இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் எப்பவோ சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்ன வழியும் இருக்கிறது: காட்டைச் சுற்றி அல்ல, வயலைச் சுற்றி மின்வேலி. விதைக்கும்போது போட்டு, வெட்டு முடிய கழற்றி வைப்பது. அறுத்த வயலில் யானை மேய்ந்துவிட்டுப் போகட்டும். பராமரிக்கிறது கமக்காரர் கையில் இருக்கும், தன் வயலுக்கு என்றால் ஆரும் கம்பியைக் களவெடுக்கவும் மாட்டான்.

அடுத்த காலபோகத்துக்கு முன் எங்கட கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைக் கேட்கப்போகிறேன். உரமானியக் கதை முடிய நேரமிருந்தால்.