புறா கொண்டுவரும் வெள்ளைப் பூ

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் தாந்தே கேப்ரியல் ரோசெட்டியின் ‘பியாட்டா பியாட்ரிக்ஸ்’ ஓவியத்தைக் காதலின் நினைவுச் சின்னம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கண்மூடி முகம் உயர்த்தி அமர்ந்திருக்கும் இந்தப் பெண் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காதலி பியாட்ரீஸ் என்பதும், காட்டப்படுவது சாவு அல்ல, ஒருவகைப் பரவச மயக்கமே என்பதும் ரோசெட்டியே தந்த விளக்கங்கள். ஆனால் அந்தக் கதைக்குள் அடங்காத ஒன்று படத்தில் இருக்கிறது.

மற்ற அடையாளங்களுக்குத் தாந்தேயிடமே வேர் இருக்கிறது. சூரியக் கடிகாரத்தின் நிழல் ஒன்பதைத் தொடுகிறது. பியாட்ரீஸ் இறந்த நாளாக ரோசெட்டி கொண்டது 1290 ஜூன் 9 என்பதோடு, அவள் வாழ்வு நெடுகிலும் ஒன்பது என்ற எண்ணைத் தாந்தே விடாமல் பிணைத்துக்கொண்டே போகிறார். பின்னணியில் ஃபுளோரன்ஸ் நகரத்துப் பாலம் மங்கித் தெரிய, ஒருபுறம் தாந்தேயும் மறுபுறம் எரியும் இதயத்தை ஏந்திய காதல் தேவனும் நிற்கிறார்கள். அவள் உடையின் பச்சை நம்பிக்கைக்கும் ஊதா துயரத்துக்கும் உரியவை.

சிவந்த புறா அவள் கைகளில் இடவரும் வெள்ளைக் கசகசாப் பூவோ வேறொரு பெண்ணுக்கு உரியது. முகத்துக்கு உரியவர் ரோசெட்டியின் மனைவி எலிசபெத் சிடால். குழந்தை இறந்தே பிறந்த மறு ஆண்டு, 1862 பிப்ரவரியில், லாடனம் என்ற மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டதால் அவர் இறந்தார். விசாரணை அதை விபத்து என்றது. லாடனம் அபினிலிருந்து எடுக்கப்படுவது, அபின் கசகசாச் செடியின் பால். புறா என்பதோ ரோசெட்டி அவருக்கு இட்ட செல்லப்பெயர். ஆக, கணவன் அன்போடு அழைத்த பெயரே அவரைக் கொன்ற பொருளை ஏந்தி வருகிறது; இதை வரைந்த கை துக்கத்தால் மட்டும் நடுங்கியிருக்காது, குற்ற உணர்வும் அதில் கலந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

1864 வாக்கில் முனைந்து தொடங்கிய படம் 1870இல்தான் முடிந்தது. மனைவியின் சவப்பெட்டியில் தானே வைத்த கவிதைக் கையெழுத்துப் பிரதியை, 1869 அக்டோபரில் ஹைகேட் கல்லறையைத் தோண்டச் செய்து ரோசெட்டி மீட்டுக்கொண்டதும் இந்த ஆண்டுகளில்தான். ஓவியத்தில் அவரைப் புனிதராக உயர்த்தியதும், கல்லறையில் கொடுத்ததைத் திரும்ப எடுத்ததும் ஒரே மனிதர். சிடால் தாமே ஓவியரும் கவிஞருமாக இருந்தவர் என்பதை இந்தப் படம் எங்கும் சொல்வதில்லை. அதை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1872இல் ரோசெட்டி இதே படத்துக்கு வரைந்த மறுபிரதி இப்போது சிகாகோவில் உள்ளது. அதன் அடியில் சிறு ஓவியம் ஒன்றைச் சேர்த்து, தாந்தேயும் பியாட்ரீசும் சொர்க்கத்தில் சந்திப்பதாகக் காட்டினார். லண்டன் டேட் கூடத்தில் உள்ள முதற்படத்தில் அந்த ஆறுதல் இல்லை. இரண்டில் அதுவே உண்மையானது என்பேன்.