விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டு வாருங்கள்

அம்மாவுக்கு மூன்று நாளாகத் தலைசுற்றல். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். கையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. அப்புறம் என்ன கவலை என்று கேட்பவர்கள் இதோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். மற்றவர்களுக்குத் தெரியும்.

அட்டை வாங்கிய கதை தனி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதார், கலெக்டர் ஆபீஸில் விரல்ரேகை. நாற்பது வருடம் சாம்பல் தொட்டுப் பாத்திரம் தேய்த்த கையில் ரேகை ஏது? ஒவ்வொரு விரலாக முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் கருணை காட்டியது.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். வாசலிலேயே ஆளுயரப் பலகை, ‘காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை’. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனோம். வரவேற்பில் இருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை.

“எந்த டாக்டரைப் பார்க்கணும்?”

“தலை சுத்துதுங்க.”

“அதான், எந்த டாக்டர்? நியூரோவா, இ.என்.டி.யா, கார்டியோவா?”

அது தெரிந்தால் நான் ஏன் தாயே இங்கே வருகிறேன், நானே ஒரு போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேனா? அட்டையை எடுத்து நீட்டினேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “ஓ, கார்டா? அந்தக் கடைசி கவுண்ட்டர்.”

கடைசி கவுண்ட்டரில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு. ஆள் இல்லை. சாப்பிடப் போயிருக்கிறாராம். மணி காலை பத்தே முக்கால். அது என்ன வேளைச் சாப்பாடு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஐம்பது நிமிடம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீலக் கட்டம் போட்டது, ஓரத்தில் இரண்டு இழை பிரிந்திருக்கும். கேட்டால் வரைந்தே காட்டுவேன்.

அவர் வந்தார். பல்லிடுக்கில் எதையோ துழாவிக்கொண்டே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன ஆபரேஷன்?”

“ஆபரேஷன் இல்லைங்க, தலைசுத்தல்.”

“அட்மிஷனா?”

“டாக்டர் இன்னும் பார்க்கவே இல்லையே.”

“அட்மிஷன் போடாம கார்டு எடுக்காது சார்.”

“சரி, அட்மிஷன் போடுங்க.”

“என்னன்னு தெரியாம எப்படிப் போடுறது?”

“அதுக்குத்தாங்க டாக்டரைப் பார்க்கணும்.”

“ஓ.பி.க்குக் கார்டு கிடையாது. 400 ரூபா கட்டிட்டுச் சாயந்தரம் வாங்க.”

இதையே மூன்று சுற்று பேசினோம். நான்காவது சுற்றில் அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சார், எங்களுக்கு ஆர்த்தோவுக்கு மட்டும்தான் அப்ரூவல். பாட்டி கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுதுன்னா நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க. உங்க கைக்காசு பத்து பைசா செலவில்லாம முடிச்சுக் கொடுத்துடலாம்” என்றார்.

கிண்டல் இல்லை. மனசார உதவி செய்கிற குரல்! அம்மா தலையாட்டி நன்றி வேறு சொன்னாள். வீட்டில் மாடிப்படி இருக்கிறதா என்று அவர் கேட்காமல் விட்டதே பெருந்தன்மை.

கொடுமை என்னவென்றால், விதிப்படி அவர் சொன்னது சரி. பட்டியலில் இருக்கிற சிகிச்சைக்கு, படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டை. எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவு என்பதற்கும் தனித்தனி அனுமதி. தலைசுற்றி விழாமல் காப்பாற்றுவது என் செலவு, விழுந்த பிறகு காப்பாற்றுவது அரசாங்கச் செலவு. திட்டம் 2009-இல் தொடங்கியபோது ஒரு பெயர், 2012-இல் வேறு பெயர், 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் வந்து சேர்ந்துகொண்டது. பெயர் நீண்டது, தொகை ஏறியது, சாதாரணக் காய்ச்சல்காரன் மட்டும் இன்னும் வாசலிலேயே நிற்கிறான். (சித்தப்பாவுக்கு பைபாஸ் இதே அட்டையில்தான் நடந்தது. அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இப்போது கோபமாக இருக்கிறேன், குறுக்கே பேசாதீர்கள்.)

பக்கத்து வீட்டு மாமா சமாதானம் சொன்னார்: “70 வயசு ஆனா வருமானமே பார்க்காம 5 லட்சம்னு 2024-லயே டெல்லியில அறிவிச்சுட்டாங்களே!” அம்மாவுக்கு 67. அந்த அட்டையும் படுத்தால்தான் பேசும்.

டாக்டரைப் பார்க்கச் சொன்னதே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வருகிற அக்காதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிரஷர் பார்த்தவர், “ரொம்ப இறங்கியிருக்கு, ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க தம்பி” என்றார். எந்த டாக்டரிடம் அக்கா? எங்கள் தெருமுனையில் ஒருவர் இருந்தார். கண்ணாடிப் புட்டியில் சிவப்பு மிக்ஸர் மருந்து, வேளைக்கு இவ்வளவு என்று காட்டப் பக்கவாட்டில் வெட்டி ஒட்டிய காகிதம். நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, “உங்க அப்பனுக்கும் இதே ஈளைதான்டா” என்பார். அவர் கிளினிக்கில் இப்போது நகைக்கடன் கொடுக்கிறார்கள்.

சாயந்தரம் 400 ரூபாய் கட்டினோம். டாக்டர் மூன்று நிமிடம் பார்த்தார். பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். முடிந்தது. இந்த மூன்று நிமிடத்துக்குத்தான் காலையிலிருந்து...

வெளியே வந்தால் அம்மாவின் செருப்பைக் காணோம். பொங்கலுக்கு வாங்கிய புதுச் செருப்பு. அந்த இடத்தில் வார் அறுந்து ஊக்கு குத்திய ஒரு ஜோடி கிடக்கிறது, இரண்டும் வேறு வேறு அளவு. ஐயா, மனசாட்சி வேண்டாமா? நோயாளியின் செருப்பு ஐயா அது! வெளியே கழற்றிவிடச் சொல்லிப் பலகை வைக்கத் தெரிகிறது, பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடத் தெரியாதா? வாட்ச்மேனைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்தபடி அந்த ஊக்குச் செருப்பில் காலை நுழைத்துப் பார்த்தாள். இரண்டடி நடந்தாள். தடுக்கியது. பாய்ந்து பிடித்தேன்.

“விடுடா, விழுந்துக்கறேன்” என்றாள். “உள்ளேதான் அந்தப் பையன் இருக்கானே.”

சிரித்தோம். வாட்ச்மேனும் சிரித்தான். அவனுக்கு எதற்குச் சிரிப்பு?