‘கட்டுப்பாட்டை இழந்த கார்’

‘வேலூர் அருகே கட்டுப்பாட்டை இழந்த கார், சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதியது.’ எங்கள் பக்கத்துச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடம். ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஒரு முறை வாலாஜா, மறு முறை பள்ளிகொண்டா, பிறகு ஆம்பூர்; எல்லாம் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை ஊர்கள். இந்த வாக்கியத்தின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. கார் எப்போது கட்டுப்பாட்டை இழந்தது என்று அதில் யாரும் கேட்பதில்லை. பல விபத்துகளில் அது மோதலுக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே, சிலவற்றில் ஐந்தாறு மாதம் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

என் கதையையே சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகனைச் சென்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, நள்ளிரவு ஒரு மணிக்கு வேலூருக்குத் திரும்பினேன். அன்று விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்தவன். வாலாஜா சுங்கச்சாவடியைக் கடந்தது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து நினைவிலிருப்பது ரத்தினகிரி முருகன் கோயிலின் மலைவிளக்கும், சாலையோர வெள்ளைக் கோட்டின் மீது சக்கரம் ஏறியதால் எழுந்த கடகடப்பும்தான். இடையில் ஆற்காடும் மேல்விஷாரமும் வந்து போயிருக்க வேண்டும். அவற்றைப் பார்த்த நினைவே எனக்கில்லை. குடிக்கவில்லை, கைப்பேசியைத் தொடவில்லை. முள் எண்பதில் நின்றது. அன்று அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு லாரி நின்றிருந்தால், மறுநாள் அதே வாக்கியத்தில் நானும் இருந்திருப்பேன்.

இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடல் தானாகவே தூக்கத்தை நோக்கிச் சரிகிறது. காபியும் பாட்டும் ஜன்னல் காற்றும் அதைச் சற்று ஒத்திப்போடலாமே தவிர நிறுத்தாது. சென்னையில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பெங்களூருக்குப் புறப்படுகிறவர் எங்கள் பகுதியைத் தொடும் நேரமும் ஏறக்குறைய அதுதான். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் அயர்ந்தால் கார் 83 மீட்டர் ஓடிவிடும், ஓட்டுநர் இல்லாமலேயே.

2022இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில்தான் பதிவாயின: 64,105. அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு நாடு முழுவதும் நிகழ்ந்த சாலை மரணங்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவை அதிவேகம் என்ற காரணத்தின் கீழ் எழுதப்பட்டுள்ளன. எனக்கு இதில் ஒரு ஐயம் உண்டு. உயிர் தப்பிய ஓட்டுநர் ‘தூங்கிவிட்டேன்’ என்று காவல் நிலையத்தில் சொல்வது அரிது. இறந்தவர் சொல்லவே முடியாது. ஆகவே தூக்கத்தில் நேர்ந்தவற்றிலும் ஒரு பங்கு வேகத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அதற்காக வேகத்தை நிரபராதி ஆக்கவில்லை. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் அறுபதில் வரும் கார் நிற்பதற்குச் சுமார் 45 மீட்டர் வேண்டும். அதே இடத்தில் அதே ஆபத்தை நூறில் வருகிறவர் கண்டால், முதல் கார் நின்றுவிட்ட அந்த 45ஆவது மீட்டரில்தான் இவருடைய பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்கும். நிற்க இன்னும் ஐம்பது மீட்டருக்கு மேல் வேண்டும்.

சில விபத்துகளில் கட்டுப்பாடு மாதக்கணக்கில் முன்பே போய்விடும் என்றேனே, அந்த டயர் விஷயத்துக்கு வருகிறேன். போன சித்திரையில் திருவண்ணாமலை புறப்படும் முன், காற்று பிடிக்க வழக்கமான பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் இடது பின் டயரின் பக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்தார். மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. “பட்டன் நல்லாத்தான் கீது சார், ஆனா வயசாயிடுச்சி” என்று சொல்லி (பட்டன் என்றால் தரையில் படும் மேடுபள்ளப் பகுதி), நான்கு எண்கள் பொறித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். 2316. அதாவது 2016ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் வார்த்த டயர். இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டும் எனக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் காற்றும் குறைவாக இருந்தது. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடேறும். நாற்பது டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊர் வெயிலில், குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நூறில் போனால் அந்தச் சூடு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. டயர் வெடித்துக் கவிழ்ந்த காரையும் ‘கட்டுப்பாட்டை இழந்த கார்’ என்றுதான் எழுதுகிறோம்.

எல்லாப் பழியையும் கார்க்காரர் மீதே போடுவதும் நியாயமன்று. விளக்கும் முக்கோணப் பலகையும் இல்லாமல் ஓரத்தில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும் வழக்கம் இந்த நெடுஞ்சாலையில் ஒழியவே இல்லை. ஆனால் அந்த லாரி ஓட்டுநர் பாதுகாப்பாக நிறுத்தித் தூங்கப் போதுமான இடமும் வழியில் இல்லை. ‘ஓரத்தில் நிறுத்தாதே’ என்பவர்கள் எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்ல வேண்டும். வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களுக்கும் இதே கேள்விதான். சுற்றி வரும் வழி நீண்டுவிட்டால் மனிதர்கள் ராங் சைடில்தான் வருவார்கள். அபராதம் ஒரு நாள் தடுக்கும்.

பின்னிருக்கையில் சீட் பெல்ட் போடச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே சிரிப்பார்கள். 2022 செப்டம்பரில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சாலை விபத்தில் இறந்தபோது விலையுயர்ந்த காரின் பின்னிருக்கையில்தான் இருந்தார். பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை சொன்னது. அதன் பிறகு ஒரு மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் போட்டார்கள்.

மகன் அடுத்த மாதம் வருகிறான். விமானம் இரவு பன்னிரண்டரைக்கு இறங்குகிறது. பல்லாவரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, விடிந்ததும் புறப்படலாம் என்று சொன்னேன். “ரெண்டரை மணி நேரம்தானேப்பா, நான் ஓட்டறேன்” என்கிறான், பதினான்கு மணி நேரம் பயணம் செய்துவிட்டு வரப்போகிறவன். அறைக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.