விட்டவனுக்கும் நாக்கு இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை இரவு நண்பர்களின் மேசையில் பர்கரையும் ஃபிரைஸையும் பற்றி நான் பேசப்போய் நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அப்போது என்னை எடுத்துப் பரப்பிய அந்தப் புகைப்படத்தையும், அதற்குக் கீழே எழுதப்பட்ட 'ஓய்வுபெற்ற பர்கர் பேராசிரியர் உரையாற்றுகிறார்' என்ற வரியையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். சிலர் சிரித்தும் இருக்கிறீர்கள். முதல் நாள் நானும் சிரித்தேன். மூன்றாவது நாளும் அதே வரி வெவ்வேறு ஆட்கள் வழியாக என்னிடமே திரும்பி வந்தபோதுதான், பதில் எழுதாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது.

என் மீதான குற்றச்சாட்டு இதுதான். துரித உணவை விட்டு இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் ஆன ஒருவன், எந்த பர்கர் சிறந்தது, எந்த ஃபிரைஸ் சிறந்தது என்ற விவாதத்தில் வாயைத் திறக்கக் கூடாது. விட்டவனுக்கு ருசியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கிறார்கள். நான் சாப்பிடுவதைத்தான் விட்டேன், நாக்கை எங்கும் அடகு வைக்கவில்லை என்பதே என் பதில். இந்த ஒரு வரியோடு பதிவை முடித்திருக்கலாம். ஆனால் அந்த மேசையில் என்னைப் பாதியில் நிறுத்திவிட்டதால், மீதியை இங்கே சொல்லித்தான் தீர வேண்டும்.

அன்று நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? கடையிலேயே உருளைக்கிழங்கை நறுக்கிப் பொரித்துத் தருவதைவிட, ஆலையில் பாதி பொரித்து உறைய வைத்து அனுப்பப்படும் ஃபிரைஸ்தான் பெரும்பாலான நேரங்களில் மேலானது என்று சொன்னேன். சாமி குற்றம் செய்தவனைப் பார்ப்பதுபோல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதிது என்றாலே உயர்ந்தது என்ற நம்பிக்கை நல்ல நம்பிக்கைதான். கீரைக்குப் பொருந்தும், ஃபிரைஸுக்குப் பொருந்தாது. நறுக்கிய துண்டுகளை முதலில் வெந்நீரில் போட்டு எடுக்கும்போது, எண்ணெயில் சீக்கிரம் கருகிவிடக் காரணமான சர்க்கரை ஓரளவு வெளியேறிவிடுகிறது. பிறகு லேசாகப் பொரித்து உறைய வைக்கும்போது, உள்ளே இருக்கும் நீர் பனித்துகள்களாகி உயிரணுக்களின் சுவர்களை உடைக்கிறது. கடையில் இரண்டாம் முறை கொதிக்கும் எண்ணெயில் விழும்போது அந்த உடைந்த சுவர்கள் வழியாக ஈரம் விரைவாக வெளியேறுவதால்தான், மேலே மொறுமொறுப்பும் உள்ளே மாவு போன்ற மென்மையும் ஒரே துண்டில் சேர்ந்து கிடைக்கின்றன. இது என் கற்பனை என்றால் ஷேக் ஷாக் என்ற அமெரிக்க பர்கர் நிறுவனத்திடம் கேளுங்கள். 2013இல் அவர்கள் உறைந்து வரும் வளைவு நெளிவான ஃபிரைஸைக் கைவிட்டு, புதிதாக நறுக்கியதற்கு மாறினார்கள். வாடிக்கையாளர்கள் பொறுக்கவில்லை, அடுத்த ஆண்டே பழையதற்குத் திரும்பிவிட்டார்கள். இன் அண்ட் அவுட் என்ற இன்னொரு அமெரிக்க பர்கர் நிறுவனத்தின் கடைகளில் கிழங்கைக் கண்ணெதிரே நறுக்கி ஒரே தடவை பொரித்துத் தருகிறார்கள். அதன் பர்கரை உயிராக நினைக்கும் ரசிகர்கள்கூட, ஃபிரைஸ் என்று வந்தால் பேச்சை மாற்றிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

பர்கரைப் பற்றி நான் சொன்னது இன்னும் எளிமையானது. நடுவிலிருக்கும் அந்த இறைச்சி வில்லைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் பாட்டி என்றோ பேட்டி என்றோ ஆகிவிடுவதால் வில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். தடித்த ஒரு வில்லையைவிட மெல்லிய இரண்டு வில்லைகள் மேல். நன்கு காய்ந்த இரும்புத் தட்டில் இறைச்சி உருண்டையை வைத்து முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்திவிட வேண்டும். கொழுப்பு உருகிய பிறகு அழுத்தினால் சாறு தட்டுக்குத்தான் போகும். அந்த அழுத்தத்தில் பழுப்பேறும் ஓரத்தில்தான், மெய்லார்டு வினை என்று வேதியியலில் சொல்லப்படும் அந்தப் பழுப்பில்தான், பர்கரின் ருசியே இருக்கிறது. உப்பை அரைத்த இறைச்சியோடு சேர்த்துப் பிசையக் கூடாது, பிசைந்தால் சாசேஜ் போல இறுகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது. என் கை காற்றில் ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு: உப்பு தூவிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்கலாம். பாதியைப் படித்துக் கற்றேன், மீதியைத் தின்று கற்றேன். பதினோரு ஆண்டுகள், வாரத்துக்குக் குறைந்தது நான்கு இரவுகள், வேலை முடிந்து திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டவன் நான். முதலில் ஃபிரைஸ், ஏனென்றால் அது காத்திருக்காது, பிறகு பர்கர், கடைசியாகப் பையின் அடியில் உதிர்ந்து கிடக்கும், உப்பு அதிகம் ஒட்டிய, கருகிய சிறு துண்டுகள். அந்தத் துண்டுகளுக்காகவே மீதி எல்லாவற்றையும் சாப்பிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்குள் நுழைவதற்கு முன் பையைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வாசனை போவதற்காகச் சன்னல்களை இறக்கி இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, எதுவும் நடக்காததுபோல வீட்டிலும் சாப்பிட உட்காருவேன்.

ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தபோது, வெளியில் எத்தனை முறை சாப்பிடுவீர்கள் என்று மருத்துவர் கேட்டார். எப்போதாவது என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தச் சொல்லை அப்படியே தாளில் எழுதிக்கொண்டார். என் பொய் இன்னொருவர் கையெழுத்தில் எழுதப்படுவதைப் பார்த்தபோது வந்த வெட்கம்தான் என்னை நிறுத்தியது. அறிவுரை எதுவும் என்னை நிறுத்தவில்லை. ருசி கெட்டுப்போனதாலும் நான் விடவில்லை. ருசியாக இருந்ததால்தான் விட வேண்டியிருந்தது. மோசமான ஃபிரைஸை விடுவதற்கு யாருக்காவது இரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்குமா?

இங்கே உடல்நலப் பற்றாளர்கள் உள்ளே வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே இருவர் வந்துவிட்டார்கள். விட்டவன் அதைப் புகழ்ந்து பேசினால் மற்றவர்களைக் கெடுப்பதாகாதா, அது குப்பை என்று சொல்ல வேண்டியது உன் கடமை இல்லையா என்கிறார்கள். ஐயா, எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்ன நரியைத் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்துவருகிறோம். என்னிடம் மட்டும், நீ ஏன் அந்த நரியைப் போலப் பேச மறுக்கிறாய் என்று கோபித்துக்கொள்கிறீர்கள். 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரங்கள் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரங்கள் பதப்படுத்தாத உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். பதப்படுத்திய உணவைத் தின்ற நாட்களில் அவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. ஆனால் சாப்பிட எவ்வளவு பிடித்திருந்தது என்று கேட்டதற்கு, இரண்டு உணவுகளுக்கும் அவர்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் கொடுத்திருந்தார்கள். அதாவது ருசி ஒரு விஷயம், நிறுத்த முடியாமல் போவது வேறொரு விஷயம். என் சிக்கல் இரண்டாவது. நீங்கள் என்னிடம் பறிக்க நினைப்பது முதலாவதை.

அடுத்த ஆட்சேபணைக்கு மரியாதை கொடுக்கலாம் என்று நினைத்தேன்: நீ விட்ட பிறகு செய்முறைகள் மாறியிருக்கும், உன் நினைவு பழையதாகிவிட்டது என்பது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லும் அதே கூட்டம், உலகிலேயே சிறந்த ஃபிரைஸ் எது என்று கேட்டால் எதைச் சொல்கிறது? மெக்டொனால்ட்ஸ் மாட்டுக்கொழுப்பில் பொரித்துத் தந்த அந்தப் பழைய ஃபிரைஸைத்தான் சொல்கிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்த ஃபில் சோகோலோஃப் என்ற தொழிலதிபர் தன் சொந்தப் பணத்தில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்துப் போராடியதும் ஒரு காரணமாகி, 1990இல் அந்த நிறுவனம் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டது. அப்படியானால் அந்தப் பழைய ருசிக்குச் சாட்சி சொல்லும் ஒவ்வொருவரும் அதைக் கடைசியாகச் சாப்பிட்டு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர். அவர்களுடைய நினைவு செல்லுமாம், என் இரண்டேகால் ஆண்டு நினைவு செல்லாதாம். எனக்குப் பேராசிரியர் பட்டம் வழங்கிய நண்பர், அந்த ஃபிரைஸை ஒரு முறைகூட ருசித்திராதவர், அன்றிரவு அதற்கு ஈடு இணையே கிடையாது என்று மேசையைத் தட்டிப் பேசினார். அவருடைய கையை யாரும் புகைப்படம் எடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெயை மாற்றிய அந்த நிறுவனத்துக்கே ருசியை விட மனம் வரவில்லை. அமெரிக்காவில் ஃபிரைஸில் மாட்டிறைச்சிச் சுவையூட்டியைச் சேர்த்தார்கள்; தாவர எண்ணெய் என்று நம்பிச் சாப்பிட்ட சைவர்கள் வழக்குத் தொடுத்து, 2002இல் நிறுவனம் ஒரு கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளும் அளவுக்கு அது போனது. கொழுப்பை விட்ட நிறுவனமே பழைய ருசியின் நினைவைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. நான் மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு மேசையின் மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிப் பேசிப் பேசியே ஒரு நாள் மறுபடியும் சாப்பிடத் தொடங்கிவிடுவாய் என்கிறீர்களா? தொடங்கலாம். அது என் கவலை, உங்கள் கேலிக்கான பொருள் அல்ல. ஆண்டும் மாதமும் கணக்கு வைத்திருப்பதே ஆசை போகவில்லை என்பதற்கு அடையாளம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்றார்கள். தின்ற வாயை அதில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், அந்தப் பேராசிரியர் வரியை வேறு யாராவது எழுதியிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். எழுதியது நீ. விளக்கை அணைத்த அந்தக் காரின் பக்கத்து இருக்கையில் எத்தனையோ இரவுகள் உட்கார்ந்திருந்தவன் நீ மட்டும்தான். அடித்துண்டுகளை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை எனக்குத் தள்ளியவனும் நீதான். நான் விட்டபோது, நல்லது செய்தாய் என்று ஒரு செய்தி அனுப்பினாய். அதற்குப் பிறகு அந்த இரவுகளுக்கு என்னை அழைக்கவே இல்லை. எனக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்திருப்பாய் என்று உன் சார்பில் நானே பலரிடம் வாதாடியிருக்கிறேன். சாப்பிடாமல் உட்கார்ந்து பேசுவதற்கு யாரும் இடம் மறுக்க மாட்டார்கள் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். அந்த மேசையில் எனக்குத் தெரிந்த ஒரே பேச்சைப் பேசினேன். அதற்குத்தான் தகுதி கேட்டாய்.

திரும்பி வரும்போது, மீதமிருந்ததை வீட்டுக்கு எடுத்துப் போவதற்காகக் கட்டித் தரச் சொல்லி, வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் பையை என் மடியில் வைத்தாய். நான் அதன் வாயைத் திறந்து வைத்ததைப் பார்த்துவிட்டு, என்ன, நாக்கு ஊறுகிறதா என்று கேட்டாய். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூடி வைத்தால் ஆவி உள்ளேயே நின்று ஃபிரைஸ் துவண்டுபோகும். நீ வீடு போய்ச் சேர இருபது நிமிடமாவது ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் திறந்தேன்.